கச்சத்தீவின் கோப்புகள்

1974 ஜூன் 26ஆம் தேதி கொழும்பிலும் 28ஆம் தேதி டெல்லியிலும் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஒரு பக்கம் இந்தியப் பிரதமர் இந்திரா காந்தி, இன்னொரு பக்கம் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க. ஆதாம் பாலம் தொடங்கிப் பாக் நீரிணை வரை ஆறு புள்ளிகளைக் குறித்து, அவற்றைச் சேர்க்கும் கோட்டை இரு நாட்டுக்கும் கடல் எல்லையாக வைத்துக்கொண்டார்கள். கோடு கச்சத்தீவுக்கு மேற்கே ஒரு மைல் தள்ளிப் போகிறது. 285 ஏக்கர் தீவு இலங்கைப் பக்கம் ஆயிற்று.

ராமேஸ்வரம் தீவிலுள்ள எங்கள் தங்கச்சிமடத்துக்கு இந்தச் சேதி வந்தது கையெழுத்தான பிறகுதான். அப்போது நான் பள்ளிக்கூடப் பிள்ளை. அப்பா வத்தைப் படகில் மீன்பிடித் தொழிலுக்குப் போனவர். கச்சத்தீவில் குடிதண்ணீர் கிடையாது. இங்கிருந்து குடத்தில் கொண்டுபோய், அந்த மணலில் வலையைக் காயப்போட்டு, கஞ்சி காய்ச்சிக் குடித்து, கண் அசந்துவிட்டு அடுத்த வலைப்பாட்டுக்கு இறங்குவார்கள். சேதியைக் கேட்டு அப்பா கோபப்படக்கூட இல்லை. "நம்மகிட்ட யாரும் கேக்கலையே? கேக்க வேணாம், முன்கூட்டிச் சொல்லவாவது செஞ்சிருக்கலாமே?" என்று அம்மாவிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

தீவு யாருக்குச் சொந்தம் என்று நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். அரசுப் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்ற எனக்குச் சொல்ல வேறொன்று இருக்கிறது. அந்தத் தீவைப் பற்றிய தாள்கள் யாருக்குச் சொந்தம் என்பது. அப்பாவின் கேள்விக்கு விடை தீவில் இல்லை, தாளில் இருக்கிறது.

பழைய தாள்களிலிருந்து தொடங்குகிறேன். ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதி மன்னர்கள் கோயிலுக்கும் மடத்துக்கும் ஊர் கொடுத்தபோது செப்பேட்டில் நான்கெல்லையும் எழுதினார்கள். எழுதியதோடு நிற்கவில்லை. சிவன் கோயில் நிலமென்றால் எல்லையில் சூலம் பொறித்த கல்லை நட்டார்கள். இன்றும் நம் மாவட்டத்து வயல் வரப்புகளில் சூலக்கல் கிடக்கிறது. மன்னராட்சியை நான் புகழவில்லை. அரண்மனை வரவுசெலவை எந்தக் குடியானவனும் போய்ப் பார்க்க முடியாது. ஆனால் எல்லை மாறினால் அந்த எல்லையில் நடப்பவன் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்ற முறை இருந்தது. எழுத்துத் தெரியாதவனுக்கும் சூலம் தெரியும்.

1803இல் ராமநாதபுரம் சீமை ராணி மங்களேஸ்வரி நாச்சியார் காலத்தில் ஜமீன் ஆயிற்று. அதன்பின் எல்லாம் குத்தகைச் சீட்டுகள். கச்சத்தீவைப் பற்றிப் பேசுகிறவர்கள் எடுத்துக்காட்டும் சீட்டு 1880 ஜூலையில் எழுதியது. சமஸ்தானப் பொறுப்பிலிருந்த எட்வர்ட் டர்னர் ஒரு பக்கம், முகமது அப்துல்காதர் மரைக்காயரும் முத்துச்சாமிப் பிள்ளையும் மறுபக்கம். 70 ஊர்களிலும் 11 தீவுகளிலும் சாயவேர் தோண்டிக்கொள்ள உரிமை. கச்சத்தீவு அந்தப் பதினொன்றில் ஒன்று. சாயவேர் என்பது கடற்கரை மணலில் வளரும் சிறு செடியின் வேர். துணிக்குச் சிவப்பு ஏற்ற அதைத்தான் நம்பியிருந்தார்கள். ரசாயனச் சாயம் வந்து அந்தத் தொழிலை அழித்துவிட்டது.

அந்தச் சீட்டில் நான் கவனிக்கச் சொல்வது ஒன்றுதான். அது பதிவு செய்யப்பட்ட ஆவணம். பதிவு செய்த நிலப் பத்திரத்தை யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டிப் பார்க்கலாம், நகல் எடுக்கலாம். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டமே அதை அனுமதித்தது. வேர் தோண்டும் குத்தகை ஊரறிய நடந்தது. அந்த வேர் வளர்ந்த தீவையே இன்னொரு நாட்டின் பக்கம் விட்ட பேச்சுவார்த்தை ஊருக்குத் தெரியாமல் நடந்தது.

இரண்டுக்கும் நடுவில் 1921 இருக்கிறது. அந்த அக்டோபரில் கொழும்பில் இரு பக்கத்து அதிகாரிகளும் கூடினார்கள். முத்து, சங்கு, மீன் ஆகியவற்றை யார் எங்கே எடுப்பது என்று கோடு போடும் கூட்டம். சென்னை மாகாணம் சார்பில் சி. டபிள்யூ. இ. காட்டன், இலங்கை சார்பில் பி. ஹோர்ஸ்பர்க். கச்சத்தீவுக்கு மூன்று மைல் மேற்கே கோடு போகட்டும், ஆனால் தீவின் மேல் ராமநாதபுரம் ஜமீனுக்குள்ள உரிமைக்கு அதனால் பாதகமில்லை என்று சொல்லிவிட்டு நம் தரப்பு திரும்பியது. லண்டன் அந்தக் கோட்டை உறுதி செய்யவே இல்லை. கூட்டத்தில் சங்கு குளிப்பவர் ஒருவரும் இல்லை, வலைக்காரர் ஒருவரும் இல்லை. அரைகுறையாகப் போன அந்தக் கோட்டைத்தான் இலங்கை ஐம்பது ஆண்டுகள் தன் வாதத்துக்கு ஆதாரமாகக் காட்டியது. மூடிய அறையில் பேசி, மூடிய கோப்பில் வைத்த பேச்சுக்கு ஆயுள் நீளம்.

சுதந்திரத்துக்குப் பிறகு நடந்ததைப் படிக்கும்போது எனக்கு மனம் இன்னும் கனக்கிறது, ஏனென்றால் அதன்பின் முடிவெடுத்தவர்கள் நம்மவர்கள். 1958இல் அட்டர்னி ஜெனரல் எம். சி. சீதல்வாட் தன் கருத்தை எழுதிக் கொடுத்தார். விஷயம் சிக்கலில்லாமல் இல்லை, ஆனாலும் சான்றுகளை எல்லாம் வைத்துப் பார்த்தால் தராசு இந்தியப் பக்கமே சாய்கிறது என்பது அதன் சாரம். 1961 மே மாதம் பிரதமர் நேரு கோப்பில் ஒரு குறிப்பு எழுதினார். இந்தச் சின்னத் தீவுக்குத் தாம் முக்கியத்துவம் எதுவும் தரவில்லை, உரிமையை விட்டுக்கொடுக்கத் தயக்கமும் இல்லை, இந்தப் பேச்சு நாடாளுமன்றத்தில் திரும்பத் திரும்ப எழுவதும் பிடிக்கவில்லை என்ற பொருளில். நாட்டின் தலைமைச் சட்ட அதிகாரி ஒன்று சொல்கிறார், பிரதமரின் மனம் வேறு பக்கம் இருக்கிறது. இந்த இரண்டு தாளும் அன்றே வெளியே வந்திருந்தால் ராமேஸ்வரத்திலும் பாம்பனிலும் பேச்சு எழுந்திருக்கும். தீவு நம்மிடமே இருந்திருக்கும் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். தீவை விட்டுக்கொடுத்தாலும் மீன்பிடி உரிமையைக் கெட்டியாக எழுதி வாங்கியிருக்கலாம். அதைக் கேட்டு வாங்கக்கூடியவர்கள் கடலில் இருந்தார்கள்.

1974 ஜூன் 19, கையெழுத்துக்கு ஒரு வாரம் முன்பு, வெளியுறவுச் செயலாளர் கேவல் சிங் சென்னைக்கு வந்து முதலமைச்சர் மு. கருணாநிதியைச் சந்தித்தார். அன்று பேசியதைப் பற்றி டெல்லி எழுதி வைத்த குறிப்பு ஐம்பது ஆண்டு கழித்து வெளியானது. முடிவைத் தள்ளிப்போட முடியுமா என்று முதலமைச்சர் கேட்டதாகவும், பெரிதாக எதிர்ப்பு எழாமல் பார்த்துக்கொள்ள இசைந்ததாகவும் அதில் இருக்கிறது. 1974 ஆகஸ்ட் 21இல் சட்டமன்றத்தில் ஒப்பந்தத்தை மறுபரிசீலனை செய்யச் சொல்லித் தீர்மானம் நிறைவேற்றியதை தி.மு.க. எடுத்துக்காட்டுகிறது. எது முழு உண்மை என்பதை ஒரு பக்கத்துத் தாளை மட்டும் வைத்து நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன். சென்னைக் கோட்டைத் தலைமைச் செயலகத்தில் எழுதிய குறிப்புகளும் வெளியே வரட்டும்.

ஜூலை 23இல்தான் வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங் ஒப்பந்தத்தை மக்களவையில் வைத்தார். அதற்குள் அது நடைமுறைக்கே வந்துவிட்டது. எங்கள் தொகுதி உறுப்பினர் பி. கே. மூக்கையாத் தேவர் எழுந்து எதிர்த்தார். இரா. செழியன் எதிர்த்தார். அவர்கள் எதிர்த்தது முடிந்துபோன காரியத்தை. 1960இல் பெருபாரி விவகாரத்தில் உச்ச நீதிமன்றம், நாட்டின் நிலப்பகுதியை வேறு நாட்டுக்குக் கொடுக்க வேண்டுமென்றால் அரசியலமைப்பைத் திருத்த வேண்டும் என்று சொல்லியிருந்தது. அப்படியே திருத்தமும் வந்தது. வங்கத்து ஊருக்கு அவ்வளவு நடைமுறை. கச்சத்தீவுக்கு அது தேவையில்லை, இது கொடுப்பது ஆகாது, தகராறிலிருந்த எல்லையைத் தீர்ப்பதுதான் என்பது அரசின் நிலை. அந்த வாதம் சரியா தவறா என்று மக்கள் முன்னால் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பே தரப்படவில்லை.

ஆனாலும் 1974 ஒப்பந்தத்தில் எங்களுக்கு இரண்டு பிடிமானங்கள் இருந்தன. ஐந்தாம் பிரிவு, இந்திய மீனவரும் யாத்ரீகரும் கடவுச்சீட்டோ விசாவோ இல்லாமல் முன்போலவே கச்சத்தீவுக்குப் போய்வரலாம் என்றது. ஆறாம் பிரிவு, இரு நாட்டுப் படகுகளும் ஒன்றின் கடலில் மற்றது வழக்கமாக அனுபவித்துவந்த உரிமைகளைத் தொடர்ந்து அனுபவிக்கலாம் என்றது. அந்தோணியார் திருவிழாவுக்கு நாங்கள் போனது இந்த ஐந்தாம் பிரிவின் பேரில். நம் கரையைச் சேர்ந்த சீனிக்குப்பன் படையாச்சி கட்டிய சிறு கோயில் அது. யாழ்ப்பாணத்திலிருந்தும் நெடுந்தீவிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். சிலுவைப்பாதை, தேர்பவனி, மறுநாள் திருப்பலி. இரண்டு கரையிலும் பெண் கொடுத்து எடுத்த குடும்பத்தார் அங்கே உட்கார்ந்து நலம் விசாரித்துக்கொள்வார்கள். அம்மா தேங்காயெண்ணெயும் சோப்பும் வாங்கிக்கொண்டு வருவார்.

பிறகு நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் பிழைப்பு போனது 1974இல் அல்ல. ஊரில் பாதிப் பேருக்கு இது இன்னும் தெரியாது.

1975 ஜனவரி 24இல் உச்ச நீதிமன்றம் ராஜ் நாராயண் வழக்கில் தீர்ப்பளித்தது. நீதிபதி கே. கே. மாத்யூ, பொது ஊழியர்கள் பொதுமக்கள் சார்பில் செய்யும் ஒவ்வொரு காரியத்தையும் அறியும் உரிமை இந்த நாட்டு மக்களுக்கு உண்டு என்று எழுதினார். தகவல் உரிமைக்கு நம் நாட்டில் அடிக்கல் அந்தத் தீர்ப்புதான். ஐந்து மாதத்தில், ஜூன் 25இல் நெருக்கடி நிலை வந்தது. பத்திரிகைகளுக்குத் தணிக்கை. 1976 ஜனவரி 31இல் தமிழக அரசு கலைக்கப்பட்டது. சட்டமன்றம் இல்லை, கேள்வி கேட்க ஆளில்லை. அந்த நிலையில், 1976 மார்ச் 23 அன்று மன்னார் வளைகுடாவிலும் வங்கக்கடலிலும் எல்லை வகுக்கும் இரண்டாவது ஒப்பந்தம் வந்தது. அன்றே கேவல் சிங்கும் இலங்கையின் வெளியுறவுச் செயலாளர் டபிள்யூ. டி. ஜயசிங்கவும் கடிதம் பரிமாறிக்கொண்டார்கள். ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டின் வரலாற்றுக் கடலிலோ, ஆட்சிக்குட்பட்ட கடலிலோ, பொருளாதார மண்டலத்திலோ வெளிப்படையான அனுமதி இல்லாமல் மீன் பிடிக்கக் கூடாது என்று அந்தக் கடிதம் சொல்கிறது. கன்னியாகுமரிக்குத் தெற்கே உள்ள வாட்ஜ் கரை என்ற மீன்வளக் கடற்பகுதி இந்தியாவுக்கு என்று ஆயிற்று. பாக் கடலில் தலைமுறை தலைமுறையாகச் செய்த தொழில் இரண்டு அதிகாரிகளின் கடிதத்தோடு சட்டவிரோதம் ஆயிற்று.

ஒப்பந்தம் கொடுத்ததைக் கடிதம் எடுத்துக்கொண்டது. இதை எந்த மீன்வளத் துறை ஊழியரும் எங்கள் கரைக்கு வந்து தண்டோரா போட்டுச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. அப்பா தலைமுறை, "நமக்குத்தான் உரிமை எழுதியிருக்கே" என்று நம்பியே கடலுக்குப் போனது. 1983க்குப் பிறகு அந்தக் கடலில் போர் வந்தது. பிடிபட்டவர்கள், சுடப்பட்டவர்கள், படகை இழந்தவர்கள் எங்கள் தெருக்களில் இருக்கிறார்கள். கடலில் சூலக்கல் இல்லை. கோடு எங்கே என்று சொல்லும் கருவி பின்னால் வந்தது, கோடு ஏன் என்று சொல்லும் தாள் வரவே இல்லை.

எதிர்க்கரைக்கும் இதே வலிதான். எங்கள் விசைப்படகுகளின் இழுவலை அவர்கள் கடலடியை வாரிக்கொண்டு போனது உண்மை. போர் முடிந்து திரும்பவும் வலை எடுத்த வடமாகாண மீனவரின் வயிற்றில் அது அடித்தது. அதை நாம் மறைத்துப் பேசக் கூடாது. நெடுந்தீவு மீனவரையும் கேட்டுக்கொண்டு 1974இல் கொழும்பு கையெழுத்துப் போடவில்லை. இரு கரையிலும் தமிழ் பேசும் வலைக்காரர்கள், இரு தலைநகரிலும் ஆங்கிலக் கோப்புகள்.

தகவலும் கடற்கரையும் சேர்ந்த ஒரு பழைய கதை உண்டு. மாணவர்களுக்கு ஆண்டுதோறும் சொல்லியிருக்கிறேன். பின்லாந்து ஸ்வீடனோடு சேர்ந்திருந்த காலம். பொத்னியா வளைகுடாக் கரையோர ஊர்க்காரர்கள் தாரும் மரமும் ஏற்றி வெளிநாட்டுத் துறைமுகத்துக்கு நேராகப் போகக் கூடாது, ஸ்டாக்ஹோம் வணிகர் வழியாகத்தான் விற்க வேண்டும் என்று சட்டம். அந்தக் கரையிலிருந்து ஆண்டர்ஸ் சிதேனியஸ் என்ற கிராமத்துப் பாதிரியார் ஸ்வீடன் நாடாளுமன்றத்துக்குப் போனார். 1765இல் கடலோர ஊர்களுக்கு அந்த உரிமையை வாங்கிக் கொடுத்தவர்களில் அவர் முன்னால் நின்றவர். அதோடு விடவில்லை. இப்படிப்பட்ட சட்டங்கள் தாளை மூடி வைப்பதால்தான் பிழைத்திருக்கின்றன என்று கண்டார். 1766 டிசம்பர் 2இல், அரசு ஆவணங்களைக் குடிமக்கள் பார்க்கலாம், அச்சிடலாம் என்று ஸ்வீடன் சட்டம் செய்தது. உலகத்தில் முதல் தகவல் உரிமைச் சட்டம் அது. அதன் பின்னால் துறைமுகத்தை இழந்த கடற்கரைக்காரர்களின் குறை இருந்தது என்பதை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம் மாநிலத்துக்கும் இதில் இடமுண்டு. 1997இலேயே தமிழ்நாடு தகவல் உரிமைச் சட்டம் போட்டது, மத்திய அரசுக்கு எட்டு ஆண்டு முன்பே. விதிவிலக்குகள் அதிகம், பயன் குறைவு. ராஜஸ்தானில் கூலி வேலைக்காரர்களும் சமூகச் செயற்பாட்டாளர் அருணா ராயும் கணக்குப் புத்தகத்தைக் காட்டு என்று உட்கார்ந்த போராட்டம்தான் 2005 அக்டோபர் 12இல் நடைமுறைக்கு வந்த மத்தியச் சட்டத்துக்கு உயிர். இருபது ஆண்டு கடந்த நிகழ்வுகளின் தகவலைக் கொடுக்க வேண்டும் என்று அதன் எட்டாம் பிரிவில் ஓர் உட்பிரிவு இருக்கிறது. இறையாண்மை, வெளிநாட்டு உறவு போன்ற சிலவற்றுக்கு அந்தக் காலக்கெடு பொருந்தாது. கச்சத்தீவுக் கோப்புகள் அந்த ஓட்டைக்குள்தான் கிடக்கின்றன.

2015 ஜனவரியில் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் வந்த கேள்விக்கு வெளியுறவு அமைச்சகம் பதில் கொடுத்தது. இந்தியாவுக்குச் சொந்தமான நிலத்தைக் கொடுப்பதோ பெறுவதோ இதில் இல்லை, அந்தப் பகுதியில் எல்லை வகுக்கப்பட்டதே கிடையாது என்று. 2024 மார்ச் 31இல், மக்களவைத் தேர்தலுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, அதே சட்டத்தின்கீழ் அப்போதைய பா.ஜ.க. மாநிலத் தலைவர் கே. அண்ணாமலை பெற்ற தாள்கள் பத்திரிகையில் வந்தன. நேருவின் குறிப்பும் ஜூன் 19 சந்திப்பும் அப்படித்தான் ஊருக்குத் தெரிந்தன. வந்ததை வரவேற்கிறேன். தகவல் எந்தக் கையால் வந்தாலும் தகவல்தான். ஆனால் ஒரே சட்டம், ஒரே அமைச்சகம், ஒன்பது ஆண்டு இடைவெளியில் இரண்டு முகம். ஏப்ரல் 19இல் வாக்குப்பதிவு முடிந்தது, தாள் வருவதும் நின்றது. தேவைப்பட்டபோது ஒரு பக்கத்தை மட்டும் திறந்து காட்டுவதைத் திறந்த நிர்வாகம் என்று என்னால் ஏற்க முடியாது. முழுக் கோப்பும் வந்தால் காங்கிரஸ், தி.மு.க., பா.ஜ.க. என்று எல்லாரும் பதில் சொல்ல வேண்டிவரும். யாருக்கும் அது வசதியில்லை. எங்களுக்கு வசதி.

பழைய கதையாக இதை விட்டுவிட முடியாது, கரையில் இதே முறை இன்னும் நடக்கிறது. 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் சுற்றுக்கடலும் தேசியப் பூங்கா ஆயின. அங்கே பாசி எடுத்துப் பிழைத்த பெண்களில் பலர், தீவில் கால் வைக்கக் கூடாது என்பதைத் தெரிந்துகொண்டது வனக்காவலர் பாசி மூட்டையைப் பிடுங்கியபோது. பவளப்பாறையைக் காப்பது நல்ல காரியம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதை ஊர்க்கூட்டத்தில் தமிழில் சொல்லிச் செய்திருந்தால் அந்தப் பெண்களே காவலுக்கு நின்றிருப்பார்கள்.

ஓய்வுக்குப் பிறகு மனு எழுதிக் கொடுக்கிறேன். மீன்பிடித் தடைக்கால நிவாரணப் பட்டியலில் பெயர் ஏன் விட்டுப்போயிற்று, பிடிபட்ட படகின் வழக்கு எந்த நிலையில் இருக்கிறது, இப்படிப்பட்டவைதான் அதிகம். ஓர் அலுவலகத்தில் மகனுக்காக மனு கொடுத்த ஒரு தாயிடம், "இதெல்லாம் தெரிஞ்சு நீ என்னம்மா பண்ணப்போற?" என்று கேட்டார்கள். காரணம் கேட்க அவர்களுக்கு உரிமையில்லை என்று சட்டமே சொல்கிறது. அந்த அம்மா முப்பது நாள் பொறுத்து, மேல்முறையீடு செய்து பதிலை வாங்கினார். பட்டியலில் மகன் பெயரின் எழுத்து மாறிப்போயிருந்தது, அவ்வளவுதான். அடுத்த ஆண்டு நிவாரணம் வந்தது. பெரிய கோப்புக்கும் சின்னக் கோப்புக்கும் வழி ஒன்றே.

1993இன் பொது ஆவணச் சட்டமும் அதன் விதிகளும், இருபத்தைந்து ஆண்டு கடந்த நிலையான ஆவணங்கள் தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டும் என்கின்றன. 1974க்கும் 1976க்கும் அந்தக் கெடு எப்போதோ முடிந்தது. 1921 கூட்டம் முதல் 1976 கடிதம் வரை எல்லாக் கோப்புகளையும் டெல்லி அங்கே ஒப்படைத்துத் திறக்க வேண்டும். கோட்டையிலிருந்த குறிப்புகளையும் ராமநாதபுரம் ஜமீன் பதிவுகளையும் தமிழக அரசு எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் ஒரே இடத்தில் வைத்து, தமிழில் பெயர்த்து, மீனவர் சங்கங்களுக்குப் பிரதி கொடுக்க வேண்டும். இதற்கு இலங்கையின் சம்மதம் தேவையில்லை, போரும் தேவையில்லை.

அதுவரை நாம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். கட்டணம் பத்து ரூபாய். தமிழிலேயே எழுதலாம், சட்டத்தின் ஆறாம் பிரிவு இடம் கொடுக்கிறது. வெளியுறவு அமைச்சகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 1976 மார்ச் 23 கடிதத்துக்கு முன்னும் பின்னும் கோப்பில் எழுதிய குறிப்புகள் வேண்டும், மீனவர் கருத்தைக் கேட்டிருந்தால் அந்தப் பதிவு வேண்டும், கேட்கவில்லையென்றால் கேட்கவில்லை என்று எழுதித் தாருங்கள் என்று கேளுங்கள். மறுத்தால் முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன் பின் தொண்ணூறு நாளுக்குள் மத்தியத் தகவல் ஆணையம். மறுப்புக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள், மேல்முறையீட்டோடு அதன் நகலை இணைக்க வேண்டும்.